கரி மூட்டத்திலிருந்து பயோ ஆயிலுக்கு: மூன்று ஆண்டு அனுபவம்

முதன்முறையாக ஒரு லிட்டர் பயோ ஆயில் சேர்ந்த அன்று மாலை, அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதன் மேல் கால் லிட்டர் டீசலையும் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்தேன். இரண்டும் கலந்துவிட்டால் மறுநாளே பம்புசெட் எஞ்சினில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் திட்டம். ஐந்தே நிமிடங்களில் டீசல் தனியாக மேலேறி நின்றுவிட்டது. அடியில் கிடந்த கருஞ்சிவப்புத் திரவத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை என்பதுபோல் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. பட்டறையில் என்னோடு வேலை பார்த்த தம்பி குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எண்ணெய் இல்லண்ணே, கறுப்புத் தண்ணி" என்றான். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அடுத்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்காததால் வந்தவை என்று தெரிகிறது. ஆயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை நம்பி, எண்ணெயைக் கையாளுவதுபோல் அதைக் கையாண்டேன்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் கரி மூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் விறகை வெட்டி, ஆளுயரத்துக்கு அடுக்கி, வைக்கோலையும் இலைதழையையும் பரப்பி, ஈரமண்ணால் மூடி, உள்ளே தீ வைத்து, பத்துப் பன்னிரண்டு நாள் இரவும் பகலும் காவல் காத்து எடுக்கிற கரி அது. நான்கைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி நின்றால் நல்ல மூட்டம் என்பார்கள். மூட்டத்தின் மேல் சித்தப்பாவுக்கு இருந்த ஒரே அளவுமானி புகையின் நிறம். முதலில் வெள்ளையாக வருவது ஈரம். பிறகு கண்ணைக் கரிக்கும்படி கனத்து மஞ்சளித்து வருவது மரத்தின் சாறு. கடைசியில் நீலம் பாய்ந்து மெலிந்தால் கரி ஆகிவிட்டது என்று எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவார். அந்த மஞ்சள் புகையைக் காற்றில் விடாமல் பிடித்துக் குளிர வைத்தால் கிடைப்பதுதான் பயோ ஆயில் என்று, திருச்சியில் பாய்லர் உதிரிபாகப் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய நான், அவருக்கு விளக்கினேன். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட பிறகு ஊரெங்கும் மரம் சாய்ந்து கிடந்த காட்சி என் மனதில் இருந்தது. இவ்வளவு விறகையும் கரியாக்கி முக்கால் பங்கைப் புகையாக விடுவதற்குப் பதில், புகையையே சரக்காக்கினால் என்ன என்பதுதான் தொடக்கம்.

மூட்டத்தில் நடப்பதும், இப்படிப் புகையைப் பிடிக்கும் விரைவு பைரோலிசிஸ் முறையில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். காற்றுப் புகாமல் மரத்தைச் சூடாக்கிச் சிதைப்பது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. மூட்டத்தில் பெரிய கட்டை மெல்ல மெல்லச் சூடேறுவதால், உள்ளிருந்து கிளம்பும் ஆவி வெளியே வரும் வழியிலேயே மீண்டும் மரத்தின் மீது படிந்து கரியாகிறது. விரைவு முறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பொடித்த துகள், சுமார் 500 டிகிரி செல்சியஸில் இருக்கும் மணலில் விழுந்த கணத்தில் ஆவியாக வேண்டும். அந்த ஆவி இரண்டு நொடிக்குள் உலையை விட்டு வெளியேறி உடனே குளிர்ந்தாக வேண்டும். தாமதித்தால் ஆவி உடைந்து, பிடிக்க முடியாத வாயுவாகிவிடும். சுத்தமான, நன்கு காய்ந்த மரத்தூளில் எல்லாம் சரியாக அமைந்தால் எடையில் 75 சதவீதம் வரை திரவம் கிடைக்கும் என்பது நூல்களில் உள்ள கணக்கு. மீதியில் கரியும் வாயுவும் ஏறத்தாழச் சமபங்கு. நான் செய்தது மணிக்குப் பத்துக் கிலோ தூள் போடக்கூடிய சிறிய மணற்படுகை உலை. அதில் எங்கள் கருவேலத் தூளுக்கு மிக நல்ல நாட்களில் 58 சதவீதம் கிடைத்தது. அதற்கு மேல் ஒருநாளும் போகவில்லை.

உலையைச் செய்வதற்கு நான்கு மாதங்கள் ஆயின; அதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பாய்லர் வேலை தெரிந்தவனுக்கு மணலைச் சூடாக்கி, அடியிலிருந்து வாயுவை ஊதி, அதைக் கொதிக்கும் கஞ்சிபோல் புரள வைப்பது புதிய வித்தை இல்லை. என்னைப் படாதபாடு படுத்தியவை உலைக்கு முன்னால் இருந்தவையும் உலைக்குப் பின்னால் இருந்தவையும்தான். இந்தத் தொழிலில் இறங்க நினைத்து என்னிடம் வருபவர்கள் எல்லோரும் உலையின் வரைபடத்தையே கேட்கிறார்கள். தூளை எங்கே காய வைப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்குகிறது.

ஈரத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் கணக்குப் பாடம். நூறு கிலோ தூளில் இருபது கிலோ ஈரம் இருந்தால் அந்த இருபது கிலோவும் ஆவியாகிப் போய்விடுவதில்லை. குளிர்விக்கும் இடத்தில் மீண்டும் நீராகித் திரவத்தோடு சேர்ந்துகொள்கிறது. அதற்கு மேல், எலும்பாகக் காய்ந்த மரமே சிதையும்போது தன் எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் புதிதாக நீரை உண்டாக்குகிறது. ஆகவே எவ்வளவு காய வைத்தாலும் பயோ ஆயிலில் 15 முதல் 30 சதவீதம் வரை நீர் இருக்கும். அது தனியாகத் தெரியாமல் கரைந்தே இருக்கும். நீரின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டத் தொடங்கும்போது மொத்தமும் பிரிந்து, மேலே புளித்த வாடையடிக்கும் கஷாயமும் அடியில் தாரும் என்று இரண்டு அடுக்காகிவிடும். எங்கள் முதல் ஆறு ஓட்டங்களில் கிடைத்தது இப்படிப் பிரிந்த சரக்குதான். தூள் கைக்கு நன்றாகக் காய்ந்ததுபோலத்தான் இருந்தது. கையை நம்பக் கூடாது. நூறு கிராம் தூளை 105 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை வைத்து நிறுத்துப் பார்த்தபோதுதான் அதில் 19 சதவீதம் ஈரம் இருந்தது தெரிந்தது. மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி தூளுக்கு உதவாது. சமையலறை ஓவனும் ஒரு மின்னணுத் தராசும் போதும்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. களத்தில் ஒரு பகல் பரப்பினால் மாலை நான்கு மணிக்கு 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் கடற்காற்று வீசும் ஊர் என்பதால், தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போன அதே தூள் மறுநாள் காலையில் 12 சதவீதம் காட்டியது. பொடித்த மரம் பஞ்சைப்போல ஈரத்தை இழுக்கிறது. அதன் பிறகு, மாலையில் சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் டிரம்களில் அடைத்து மூடியை இறுக்கிவிடுவது எழுதப்படாத சட்டமாயிற்று.

அடுத்து வந்தது சாம்பல். கருவேலத்தை மட்டும் நம்பாமல் பருத்தி மார், மிளகாய்ச் செடியின் காய்ந்த மார், வைக்கோல் என்று எது மலிவோ அதைப் போடலாம் என்று நினைத்தேன். பயிர்க் கழிவில் எண்ணெய் எடுத்து விவசாயியின் வருமானத்தைக் கூட்டலாம் என்று பேசுவது எளிது. பயிரின் தண்டிலும் தாளிலும் பொட்டாசியம் மிகுதி; அந்தப் பொட்டாசியம் ஆவி உருவாகும் இடத்திலேயே ஒரு வினையூக்கியாக நின்று, திரவமாக வேண்டியதைக் கரியாகவும் நீராகவும் வாயுவாகவும் உடைத்துவிடுகிறது. பருத்தி மாரில் எங்களுக்குத் திரவம் 45 சதவீதத்தைத் தாண்டவில்லை. வைக்கோலில் அதற்கும் கீழே போனது, கிடைத்ததும் இரண்டாகப் பிரிந்தது. மாரின் பட்டை நாராகப் பிரிந்து, தூளைக் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் கூடு கட்டிக்கொண்டு தூளை இறங்க விடாமல் செய்தது தனிக் கதை. கம்பால் குத்திக் குத்தியே ஒரு ஆள் சம்பளம் போயிற்று.

பொட்டாசியம் நீரில் கரையும் என்பதால் மாரைக் கழுவிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கழுவிக் காய வைத்த சரக்கு, கழுவாததைவிட மோசமாக ஓடியது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் விளங்கியது. நாங்கள் கழுவியது பட்டறைப் போர்வெல் தண்ணீரில். எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. பொட்டாசியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தையும் குளோரைடையும் ஊட்டி அனுப்பியிருக்கிறோம். சோடியமும் பொட்டாசியத்தின் பங்காளிதான். செய்யும் கெடுதல் ஒன்றே. இதற்கு விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து கறுத்து, மாடு தின்னாது என்று ஒதுக்கிய வைக்கோல் படப்பு ஒன்றை ஒருவர் சும்மா அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அதைக் காய வைத்துப் போட்டபோது, அறுவடை முடிந்த கையோடு வாங்கிய மஞ்சள் வைக்கோலைவிடக் கூடுதலாகத் திரவம் கிடைத்தது. மழைநீர் எங்களுக்காகக் கழுவி வைத்திருந்தது. மாட்டுக்கு உதவாதது உலைக்கு உதவும் என்பது நல்ல செய்தி. மாடு தின்னும் வைக்கோலை உலைக்காக விலை பேச வேண்டியதில்லை. ஆனாலும் வைக்கோலில் சிலிக்காச் சாம்பல் மிகுதி. அதன் கரியில் பாதிக்கு நெருங்கிச் சாம்பலே நின்றதால், சில மாதங்களில் அதைக் கைவிட்டோம். இன்று கருவேலத்தின் கிளையும் தண்டும் மட்டுமே போடுகிறோம். தூர்க்கட்டையைத் தொடுவதில்லை. வேரோடு வரும் மண் எவ்வளவு தட்டினாலும் போகாது, அரவை எந்திரத்தின் சுத்தியல்களையும் தின்றுவிடும்.

உலைக்குப் பின்னால் வருவது குளிர்விப்பு. பாய்லர் அறிவு எனக்கு எதிரியானது இங்கேதான். ஆவியைக் குளிர வைக்க வேண்டும் என்றால் குழாய்க் கட்டு கண்டென்சர், உள்ளே ஆவி, வெளியே தண்ணீர்; இதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை. முதல் ஓட்டம் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு அழுத்தமானி மெல்ல ஏறத் தொடங்கி, தூள் ஊட்டும் ஸ்க்ரூவின் பக்கமிருந்து மஞ்சள் புகை கசிந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, கண்டென்சரின் வாயைத் திறந்தால், ஆவி நுழையும் முதல் இரண்டு அங்குலத்தில் எல்லாக் குழாய்களும் கறுத்த அல்வாபோல் ஒன்று படிந்து அடைபட்டிருந்தன. அதற்கு அப்பால் குழாய்கள் புதிது மாதிரி பளபளத்தன. சூடான ஆவி குளிர்ந்த இரும்பைத் தொட்ட இடத்தில், மரநாரை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருளின் கனமான துண்டுகள் முதலில் இறங்கி ஒட்டி, அவற்றின் மேல் அடுத்தடுத்து வந்தவை வெந்து இறுகியிருக்கின்றன. பனைமரம் ஏறுகிறவர் அரிவாளைத் தீட்டுவதுபோல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு இரும்புக் கம்பியால் குழாய்களைச் சுரண்டி, ஒரு மாதம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

மாற்றம் இரண்டு விதமாகச் செய்தோம். உலையிலிருந்து குளிர்விப்பான் வரையுள்ள குழாயை 400 டிகிரிக்குக் கீழே இறங்க விடாமல் மின்சுருள் சுற்றிச் சூடாகவே வைத்தோம். எனவே வழியில் எதுவும் படிய இடமில்லை. குளிர்விப்பில் இரும்புச் சுவரை நம்புவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே சேர்த்துக் குளிர வைத்த பயோ ஆயிலையே மேலிருந்து மழையாகத் தெளித்து, ஆவியை அந்த மழைக்குள் விட்டோம். ஆவி சுவரைத் தொடுவதற்கு முன்பே துளிகளில் கரைந்து இறங்கிவிடுகிறது. அதன் பிறகும் வெண்ணீலப் புகையாக ஒன்று தப்பிப் போய்க்கொண்டே இருந்தது. அது புகை அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கும் எண்ணெயேதான். தண்ணீரில் முக்கினாலும் குமிழிக்குள் அமர்ந்து தப்பித்துவிடும். குழாயின் நடுவில் மெல்லிய கம்பியைத் தொங்கவிட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்து அந்தத் துளிகளைச் சுவரில் படிய வைக்கும் மின்நிலைப் பிடிப்பானைச் சேர்த்தபோதுதான், அதுவரை எவ்வளவைக் காற்றில் விட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. திரவத்தின் மொத்த எடை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு கூடியது.

இந்தப் பிடிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் நகரக் கூடாது. அதில் பொறி பறக்கும். வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் இருக்கின்றன. எங்காவது மூட்டு தளர்ந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஆக்சிஜன் அளவு கூடினால் தானாக மின்சாரத்தை வெட்டிவிடும் ஏற்பாடு இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. கொட்டகையின் நான்கு பக்கமும் திறந்திருந்தும், ஒரு நாள் காற்று அடங்கிய மாலையில் இரண்டு பேருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. வெயில் என்று நினைத்து மோர் குடிக்கச் சொன்னேன். அது வெயில் அல்ல. மறுநாளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டினேன்.

இனி அந்தத் திரவம். சரக்கு சேரத் தொடங்கியதும், இதைக் காய்ச்சி வடித்தால் டீசல் மாதிரி ஒரு பகுதியாவது தனியாக வராதா என்ற ஆசை பிடித்துக்கொண்டது. சாராயம் வடிப்பதையும் கச்சா எண்ணெய் வடிப்பதையும் பார்த்த மனதுக்கு அது இயல்பான ஆசை. எட்டு லிட்டரை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மூடியில் குழாய் பற்றவைத்து, கேஸ் அடுப்பில் ஏற்றினேன். நூறு டிகிரியில் புளித்த நீர் சொட்டத் தொடங்கியது. அசிட்டிக் அமில நெடி. நூற்றிருபதைத் தாண்டியதும் உள்ளே நுரை கட்டும் சத்தம் கேட்டது. குழாய் வழியாகக் கறுப்பு நுரை எட்டிப் பார்த்ததும் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகும் அரை மணி நேரம் பாத்திரம் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஆறிய பின் திறந்தால், உள்ளே திரவமே இல்லை. நுங்கு வண்டிச் சக்கரத்தைப்போல் ஒரே கட்டியாக, ஓட்டை ஓட்டையாக, பாத்திரத்தின் வடிவத்திலேயே உறைந்த கறுப்புப் பாறை ஒன்று இருந்தது. உளியும் சுத்தியலும் கொண்டு இரண்டு பேர் ஒரு முழுநாள் உடைத்தோம். பாத்திரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பயோ ஆயிலில் அமிலம், ஆல்டிஹைடு, பினால், சர்க்கரை வகை என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் பாதி வெந்த நிலையில் கரைந்து கிடக்கின்றன. மீண்டும் சூடு காட்டினால் அவை ஒன்றோடொன்று கைகோத்து இறுகிவிடுகின்றன. எப்படி வடித்தாலும் பாதி வரை திடமாக அடியில் நின்றுவிடும் என்று பிறகு படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம்.

சூடு அடுப்பிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. சித்திரை வெயிலில் வெளியே வைத்த இரண்டு டிரம்களில் இருந்தது ஆனி பிறப்பதற்குள் தேனைப்போலக் கெட்டியாகி, அடியில் சேறு கட்டியிருந்தது. 80 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் சாதாரண அறையில் ஓராண்டு கிடந்ததற்குச் சமமாக முதிரும் என்று ஆய்வகங்களில் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் தகரக் கொட்டகை மெதுவான அடுப்புதான். பத்து சதவீதம் எத்தனால் சேர்த்து நிழலில் வைத்தால் முதிர்ச்சி பெருமளவு அடங்குகிறது. டிரம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் பழைய டீசல் பீப்பாய்களில் நிரப்பினேன். எண்ணெய்க்கு எண்ணெய்ப் பீப்பாய்! இதன் அமிலத்தன்மை வினிகருக்கு நிகரானது, பி.எச். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும். ஐந்தாவது வாரம் பீப்பாயின் அடி மூட்டில் கசிந்தது. பம்பின் பித்தளைப் புஷ்களும் நைட்ரைல் ரப்பர் சீல்களும் அதற்கு முன்பே போயிருந்தன. தடித்த பாலிஎத்திலீன் டிரம், எஸ்எஸ் 316 ரக எவர்சில்வர் குழாய், டெஃப்லான் சீல், இந்த மூன்றில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். கையில் பட்டால் மண்ணெண்ணெயால் தேய்த்தாலும் போகாது. எத்தனால் ஒரு துணியில் போதும். சட்டையில் ஏறிய வாடை மட்டும் எதற்கும் போகாது. என் மனைவி எனக்கென்று தனிக் கொடி கட்டியிருக்கிறாள்.

கரியில் எங்களுக்கு நடந்தது இதைவிடப் பெரிய விபத்தாக முடிந்திருக்கும். உலையிலிருந்து வரும் ஆவியைச் சுழற்றிக் கரித்தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் சேரும் கரி மாவுபோல் நைசாக இருக்கும். மாலை ஏழு மணிக்கு, தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று பிளாஸ்டிக் சாக்குகளில் அள்ளிக் கட்டிச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போனோம். சித்தப்பா அன்று மாலை வந்திருந்தார். சாக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது இன்னும் தூங்கலையே, ஒரு ராத்திரி வெளியில கெடந்து காத்து குடிக்கட்டுமே" என்றார். நாளைக்கு லோடு போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரவு இரண்டரைக்குக் காவலாளி போன் செய்தார். சுவரோர அடுக்கின் நடுச் சாக்கு உருகி, உள்ளே சிவப்பாகத் தணல் தெரிந்தது. ஜ்வாலை இல்லை, புகையும் அதிகமில்லை. புதுக் கரி காற்றைக் கண்டதும் ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மூட்டக் கரியும் இதைச் செய்யும், ஆனால் அது கட்டி. மாவுக் கரிக்கு மேற்பரப்பு எத்தனையோ மடங்கு. அன்று முதல் கரியைக் காற்றுப் புகாத இரும்புத் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, நாற்பது டிகிரிக்குக் கீழே வந்த பிறகு தண்ணீர் தெளித்துப் பிசறி, மெல்லியதாகப் பரப்பி ஓர் இரவு வைத்து, மறுநாள்தான் கட்டுகிறோம். புறங்கைச் சோதனையையும் விடவில்லை.

அந்தக் கரியை நிலத்தில் போட்டால் பொன் விளையும் என்று விற்கச் சொன்னவர்கள் பலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் கரியின் பி.எச். ஒன்பதை ஒட்டி இருக்கிறது. அமில மண்ணுக்கு அது மருந்து. எங்கள் பகுதியில் பல வயல்களின் மண் ஏற்கெனவே காரம் ஏறிய களர். சாணத்தோடும் மட்கோடும் ஊற வைத்துக் குறைந்த அளவில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் கேட்பவர்களிடம் சொல்கிறேன். பெரும்பகுதியை மரவள்ளி மாவுக் கஞ்சியோடு பிசைந்து கட்டிக்கரியாக்கி விற்கிறோம். உண்மையைச் சொன்னால், முதலீட்டுக்கு வட்டி கட்டியது இந்தக் கட்டிக்கரிதான்.

திரவத்தை விற்கப் போன கதையில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். பர்னஸ் ஆயில் எரிக்கும் ஒரு சாயப்பட்டறையில் சோதனை ஓட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். லிட்டருக்குப் பாதி விலை என்று பேசி மகிழ்ச்சியாகத் திரும்பினேன். பர்னஸ் ஆயில் கிலோவுக்குச் சுமார் 40 மெகாஜூல் வெப்பம் தரும். பயோ ஆயில் 17. இது நீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.2 கிலோ நிற்கும் என்பதால் லிட்டர்க் கணக்கில் ஏறத்தாழப் பாதி வெப்பம். அதாவது பாதி விலை என்பது அவர்களுக்குச் சலுகையே இல்லை. அதற்கு மேல் பர்னரை மாற்றும் செலவும் நெடியும் அவர்கள் தலையில். சோதனை நாளில் டீசலில் பற்றவைத்து, சுவர் நன்கு சூடேறிய பின் எங்கள் சரக்குக்கு மாறினோம். மூன்று மணி நேரம் நன்றாகவே எரிந்தது. நிறுத்தும்போது அவர்களுடைய ஆபரேட்டர் வழக்கம்போல் டீசலை விட்டு நாசிலை அலசினார். டீசல் இதில் கரையாது என்று குடுவையில் பார்த்த நானே அருகில் நின்றும் அது உறைக்கவில்லை. சூடான நாசிலுக்குள் தங்கிய பயோ ஆயில் கல்லாக இறுகி, மறுநாள் அவர்களுடைய உற்பத்தி அரை நாள் நின்றது. எத்தனாலில் அலசியிருக்க வேண்டும். மறுபடி அழைக்கவில்லை, அவர்கள் மேல் குறையும் இல்லை.

பெரிய அளவில் இதைச் செய்து நிற்பவர்களைப் பார்த்தால், அவர்கள் யாரும் இதை எண்ணெய் என்று எண்ணி ஏமாறவில்லை என்பது தெரிகிறது. நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 2015இல் தொடங்கிய எம்பைரோ ஆலை மணிக்கு ஐந்து டன் மரக்கழிவைப் போடும் அளவுக்குக் கட்டப்பட்டது. கரியை விற்காமல் அங்கேயே எரித்து மணலைச் சூடாக்கும் ஏற்பாடு. திரவத்துக்கென்றே பர்னர் அமைத்த பால் பொருள் ஆலையின் பாய்லருக்கு அது போயிற்று. பின்லாந்தின் யோயென்சுவில் 2013இல் வந்த ஆலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தின் மணற்படுகையோடு ஒட்டிக் கட்டப்பட்டது. கனடாவின் என்சின் நிறுவனத் தொழில்நுட்பம் முதலில் வணிகமானது எரிபொருளாகவே அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் இறைச்சிக்குப் புகை மணம் ஏற்றும் திரவமாகத்தான். நானோ எண்ணெயும் கூடுதலாக வேண்டும், கரியும் கூடுதலாக வேண்டும், இரண்டும் விலைபோக வேண்டும் என்று நின்றேன். ஒரே மரத்தில் ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது மூட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததல்ல.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓட்டுகிறோம். வாயுவைத் தூள் உலர்த்தும் அடுப்புக்குத் திருப்பியிருக்கிறோம். மழைக்காலத்தில் களத்தை நம்ப வேண்டியதில்லை. உலையின் சூட்டை 500இலிருந்து சற்றுக் குறைத்துக் கரிப்பங்கைக் கூட்டியிருக்கிறோம். சேரும் திரவத்தில் நீரை ஊற்றிக் கலக்கினால் லிக்னின் பகுதி பிசினாக அடியில் இறங்குகிறது. அதைக் கட்டிக்கரிக்குப் பசையாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், புகை கூடுகிறது, இன்னும் சரியாக வரவில்லை. மீதிக்குப் பெரிய வாடிக்கையாளர் யாரும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலிக் கால்களில் கறையான் ஏறாமலிருக்க அடியில் பூசுவதற்காக ஐந்து லிட்டர் கேனோடு வருகிறார்கள். வாசலில் நின்று அவர்கள் கேட்பது கறுப்புத் தண்ணி. நானும் பில்லில் அப்படியே எழுதிக் கொடுக்கிறேன்.